விரியாத கொக்கி

முதலாளி மேசைக்குப் பின்னால். மேனேஜர் அவருக்கு வலப்பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே. கதவோரம், நாற்காலியின் நுனியில், நாச்சம்மாள். அவளுக்கு எதிரே, சோதனைக்கூடத்து ஸ்டூலைத் தூக்கி வந்து போட்டுக்கொண்டு, இவள்; இரும்பைச் சோதித்துச் சான்று எழுதுகிறவள்.

நாச்சம்மாளின் புருஷன் சென்னியப்பன் செத்துப் பதினோராம் நாள்.

மேனேஜர் ஒரு தாளை நகர்த்தினார். தொழிற்சாலை ஆய்வாளருக்குப் போகவேண்டிய கடிதம். 'கிரேன் கொக்கியில் குறை எதுவும் இல்லை. தொழிலாளி கவனக்குறைவாகச் சுமைக்கு அருகில் நின்றார்.'

கீழே இவள் பெயர். கையெழுத்துதான் பாக்கி.

"நெம்பரெல்லாம் சரியாத்தானுங்களே இருக்குது, மேடம்?" என்றார் மேனேஜர்.

இருந்தது. கொக்கி இரும்பின் கடினம் ஐம்பத்தெட்டு. இவளே சோதித்து எழுதியது.

"ஏனுங்க மேடம்," என்றாள் நாச்சம்மாள். "அந்தக் கொக்கி வாய் விரியலீங்களா?"

நாச்சம்மாள் நாற்காலி நுனியிலிருந்து இன்னும் முன்னால் நகர்ந்தாள்.

"போன கொக்கி விரிஞ்சுதுங்களாமா. 'என்னயப் பாத்துக் கொட்டாவி உடுது புள்ளே'ன்னு ஊட்டுக்கு வந்து ஒரே சிரிப்பு. பாத்ததும் சுமையை எறக்கிப்போட்டு ஒதுங்கிட்டாராமா. இதும் விரிஞ்சிருந்தா ஒதுங்கியிருப்பாருங்கல்ல?"

அந்தப் பழைய கொக்கியைக் கழித்தது இவள்தான். இரும்பு இளசு என்று. அடுத்ததை நன்றாகக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, கெட்டியாக்கித் தரச் சொன்னதும் இவள்தான். மறுபடி இளஞ்சூட்டில் வைத்து அதன் விறைப்பைத் தணிக்க அரை நாள் ஆகும்.

அவசரம். வேண்டாம் என்றாள்.

ஐம்பத்தெட்டு வந்ததும் சந்தோஷப்பட்டாள்.

அது விரியவில்லை. நெளியக்கூட இல்லை. கண்ணாடி உடைகிற மாதிரி ஒரே சத்தம்; சுமை கீழே.

தாளை மேனேஜர் பக்கமே தள்ளிவிட்டு எழுந்தாள்.

சாப்பாட்டு வேளையில், கோடு போட்ட தாளில், ஓரம் விட்டு, தேதியிட்டு, பள்ளிக்கூடத்தில் பழகிய மாதிரியே எழுதினாள்.

'ஐயா, பழைய கொக்கி ஆபத்தை முன்கூட்டியே காட்டியது. நான் அதைக் குறை என்று எழுதினேன். புதியதை அவ்வளவு கடினமாக்கச் சொன்னதும், தணிக்காமல் மாட்டச் சொன்னதும் நான். திரு. சென்னியப்பன் ஒதுங்குவதற்கு அது அவகாசம் தரவில்லை.'

இரண்டு தடவை படித்தாள். விட்டுப்போன ஒரு புள்ளியை வைத்தாள். ஆய்வாளர் விலாசமிட்ட உறையில் போட்டுப் பசை தடவி ஒட்டினாள்.

தபால் நிலையத்தில் கூட்டமில்லை.

"பதிவுத் தபாலுங்களா? அப்பொ இந்த ஒப்புகை அட்டையில உங்க விலாசம் எழுதுங்க. திரும்பி வரோணுமல்ல?"

தொழிற்சாலையின் பெயரை எழுதத் தொடங்கினாள்.

நிறுத்தினாள்.

அதை அடித்துவிட்டு, வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்தாள்.