கருப்பு எள் கஞ்சி

கருப்பு நிற உணவாகச் சாப்பிட்டால் சிறுநீரகம் தேறும், நரையும் மாறும் என்று தாய்நான் நகரத்து வைத்தியர் சியூச்சினிடம் சொல்லியிருந்தார். அவள் தினமும் கருப்பு எள் கஞ்சி காய்ச்சினாள். இறந்துபோன கணவரின் படத்துக்கும் ஒரு கிண்ணம் படைத்தாள். குளிர்காலம் முடிவதற்குள் படத்திலிருந்தவரின் நரைமுடி கருத்தது. கன்னச் சுருக்கமும் மறைந்தது.

"படத்தை மாத்திட்டியாம்மா?" என்றாள் மகள் பெய்யூ.

"அதே படம்தான். அவருக்குக் கஞ்சி வைக்கிறதை நிறுத்தியும் பார்த்துட்டேன், வயசு குறைஞ்சுக்கிட்டேதான் வருது. இப்படியே போனா என்னைச் சந்திக்காத வயசுக்குப் போயிடுவாருடி."

சியூச்சின் தன் வெள்ளை முடியை ஒதுக்கிக்கொண்டு, இரண்டாவது கிண்ணத்தையும் அவசர அவசரமாகக் குடித்தாள்.

படத்திலிருந்த இளைஞன் அவர்கள் இருவரையும் யாரோ எவரோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.