நட்சத்திர முத்திரை

"நூறு வருஷத்துப் பழைய கார்னு சொல்றாங்க. ஒரிஜினல்தானா?" வாங்க வந்தவருக்குப் பொறுமையில்லை.

பழங்கார்களின் ஜாதகத்தையே சொல்லும் மெக்கானிக் வண்டிக்கடியில் படுத்திருந்தார். அவர் மகளைக் கட்டிய மாப்பிள்ளை குனிந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

மரச்சட்டம், பித்தளை விளக்கு, ஸ்க்ரூவில் ஏறிய துரு என்று எதிலும் குறையில்லை. அவர் தேடிய இடத்திலெல்லாம் தேடியது கிடைத்தது.

"அச்சு அசல் ஒரிஜினல், மாமா," என்றார் மாப்பிள்ளை.

மெக்கானிக் சேஸிஸ் எண்ணைத் துடைத்தார். எண்ணுக்கு முன்னால் குட்டியாக ஒரு நட்சத்திரம் பொறித்திருந்தது. அவர் முகம் சுண்டிப்போயிற்று. மெல்ல வெளியே வந்தார்.

"போலி சார். புதுசா செஞ்சு பழசாக்கியிருக்காங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"நம்பருக்கு முன்னாடி நட்சத்திரம் இருக்கு. இந்த கம்பெனி அப்படி எதுவும் போட்டதே இல்ல. ஒரிஜினலுக்கு என்ன அடையாளம்னு சாப்பிடும்போது ஒருத்தர் நோண்டி நோண்டிக் கேட்டார். கெத்து குறையக் கூடாதேன்னு நானா அடிச்சுவிட்ட கதை அது. வேற யார்கிட்டயும் சொன்னதில்ல."

"யார் அவரு?"

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பினார்.

"டார்ச்சைக் கொஞ்சம் உங்க முகத்துல அடிங்க, மாப்பிள்ளை. சார் பாக்கணுமாம்."