செம்பு மேலே வந்த நேரம்

“தங்கம்தான் மேலே வரும். செம்பு வந்திருக்கிறது என்றால் உன் வெற்றிடப் பம்பில் ஓட்டை” என்றார், வாய்மொழித் தேர்வு நடத்த மெட்ராசிலிருந்து பாண்டியன் ரயிலில் வந்திறங்கியிருந்த பேராசிரியர் சாம்பசிவம்.

எதிரே ஆய்வேட்டோடு நின்ற அன்னக்கொடி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவள் ஆய்வு தங்கமும் செம்பும் கலந்த பொடியில். ஒரு துகள் கண்ணுக்கே தெரியாது. காற்றில்லாத குழாயில் சூடாக்கினால் தங்கம் துகளின் மேல்தோலுக்கு வருகிறது, செம்பு உள்ளே போய்விடுகிறது. அதே பொடியை ஆக்சிஜனில் சூடாக்கினால் செம்பு மேலே வருகிறது, தங்கம் பதுங்குகிறது.

“ஓட்டை இல்ல சார். ஆக்சிஜனை நாந்தான் விட்டேன். சுத்தி என்ன இருக்குங்கிறதப் பொறுத்துத்தான் மேல வாரது மாறுது.”

“வாரதா?” சாம்பசிவம் சிரித்தார். “ஒரு பொருளுக்கு ஒரு குணம்தானம்மா. எல்லாத்தையும் இன்னொரு வருஷம் திரும்பச் செய்.”

அப்பா சித்திரை வரைக்கும்தான் தவணை கொடுத்திருந்தார். அதற்குள் பட்டம் வந்தால் வேலைக்குப் போகலாம். வராவிட்டால் மாமன் மகன் காசிமாயன். அவன் தன் எருமைகளுக்கெல்லாம் பேர் வைத்திருக்கிறான். அவளுக்கும் ஒன்று வைப்பான்.

அவள் தன் கைடு என்.கே. சாரைப் பார்த்தாள். அவர் டையைச் சரிசெய்தார்.

சேர்ந்த அன்று ‘வாரேன் சார்’ என்றவளைத் திரும்பத் திரும்ப ‘வருகிறேன்’ சொல்லவைத்தவர். எந்த ஊர்க்காரர் என்று துறையில் ஒருவருக்கும் தெரியாது. டெல்லி என்று ஒரு பேச்சு இருந்தது.

சாம்பசிவம் கைகழுவ எழுந்து போனார். கதவு சாத்திக்கொண்டது.

“ஏத்தா, எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? அவன் கெடக்கான், விடு. நீ கண்டது அம்புட்டும் மெய்யி.”

அறையில் வேறு யாரும் இல்லை. பேசியது என்.கே. சார்தான். அச்சு அசல் செக்கானூரணிப் பேச்சு. அவள் அம்மா பிறந்த வீட்டுப் பேச்சு.

“அந்தாளு வந்ததும் இதையே சொல்லுங்க சார்.”

“சொல்றேன்த்தா. சொல்லாம?”

கதவு திறந்தது. சாம்பசிவம் கைக்குட்டையில் விரல் விரலாகத் துடைத்தபடி உட்கார்ந்தார். “என்ன முடிவு, என்.கே.?”

“ஷி வில் ரிப்பீட் இட், சார்” என்றார் என்.கே. சார்.

தன் ஆய்வில் அன்னக்கொடிக்கு இருந்த கடைசிச் சந்தேகமும் அப்போதுதான் தீர்ந்தது.