முதல் ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டர்

இந்த இன்ஜினை ஒரு வழி பண்ணாமல் இன்று வீடு திரும்புவதில்லை என்ற முடிவோடுதான் குவிரின் தன் மச்சானின் புது வண்டியில் ஏறி உட்கார்ந்தான். முகத்தில் மட்டும் சிரிப்பு.

வண்டி வந்து எட்டே நாள். நானூறு குதிரைச் சக்தியை அடக்கி, ஆட்டோபான் நெடுஞ்சாலையின் வலது ஓரமாக, லாரிகளின் வாலைப் பிடித்துக்கொண்டு ஓட்டினான் வின்சென்ஸ்.

"என்ன மச்சான், ஊர்வலமா போறோம்? பால் வண்டி நம்மளைத் தாண்டிப் போகுது. மணி பன்னிரண்டு அடிச்சா ஹோட்டல்காரன் வெள்ளைச் சாசேஜைக் கண்ணுல காட்ட மாட்டான்."

"ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டர் வரைக்கும் விரட்டக் கூடாது. புது இன்ஜின். உள்ள ஒண்ணோட ஒண்ணு பழகணும்."

"நீயும் உன் பொண்டாட்டியும் பழகின மாதிரியா?"

வின்சென்ஸின் மனைவி பிரிந்து போய் மூன்று வருஷம் ஆகிறது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

குவிரின் விடவில்லை. "இதே காசுக்கு ஸ்டுட்கார்ட் ஆலை வண்டி எடுத்திருந்தா தாலாட்டிக்கிட்டே போயிருக்கும். இங்கோல்ஸ்டாட் ஆலை வண்டின்னா மழையிலயும் தரையைக் கவ்விக்கிட்டு நிக்கும். இது என்னதான் பண்ணும்?"

"வளைவுல தெரியும்."

"நீ வளைவுக்குப் போறதுக்குள்ள எனக்குப் பென்ஷன் வந்துடும். ஆமா, பின்னால என்ன அது, இழுவைக் கொக்கியா? இந்த வேகத்து வண்டிக்கு யாராவது கொக்கி மாட்டுவாங்களா? இழுக்க உன்கிட்ட ஒரு தள்ளுவண்டிகூடக் கிடையாது!"

வின்சென்ஸ் கண்ணாடியில் பின்பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி லாரியின் வாலைப் பிடித்தான்.

குவிரினின் மாமியார் தன் வீட்டை மகன் வின்சென்ஸை விட்டுவிட்டு, மகளும் குவிரினின் மனைவியுமான வால்புர்காவுக்கு எழுதிவைத்த நாளிலிருந்தே இரண்டு பேருக்கும் ஆகாது. வீடு கையில் இருந்தும் குவிரினுக்கு மனசு ஆறவில்லை. மச்சான் கார் ஆலையில் வேலை பார்ப்பதும், இப்போது புது வண்டி வாசனை பிடிப்பதும் அவனை அரித்தது. அவனுடைய பழைய வண்டியோ, போன ஆகஸ்டில் விடுமுறைக்குக் கேரவன் என்கிற இழுவை வீட்டை இழுத்துக்கொண்டு பிரென்னர் கணவாய் ஏற முடியாமல் பாதியில் நின்றுவிட்டது.

ஆலைக்காரர்கள் சலுகை விலையில் வண்டி எடுத்து, ஒரு வருஷம் ஓட்டி, முன்பே பேசிவைத்தவரிடம் கைமாற்றுவது அந்த ஊர் வழக்கம். குவிரினும் ஒன்பது வருஷச் சேமிப்பை வால்புர்காவிடம் கொடுத்திருந்தான். இதே மாடல்தான். ஆலையில் ஒரு ஆளிடம் பேசி முடித்துவிட்டேன் என்று சொன்னாள். அடுத்த வசந்தத்தில் வண்டி வாசலுக்கு வந்துவிடும்.

வின்சென்ஸ் அப்படிக் கைமாற்றுகிற ரகமில்லை. முந்தைய வண்டியைப் பதினோரு வருஷம் வைத்திருந்தான். ஆக, அடுத்த வருஷம் ஒரே தெருவில் ஒரே மாதிரி இரண்டு வண்டி நிற்கும். தன்னுடையது பறக்க வேண்டும், மச்சானுடையது இரும வேண்டும். அதற்குத்தான் சாசேஜ் வாங்கித் தருகிறேன் என்று மச்சானை இன்று கிளப்பியிருந்தான்.

"உங்கம்மா ஏன் வீட்டை உனக்கு எழுதலைன்னு இப்பத்தான் புரியுது" என்றான் குவிரின். "எதைக் குடுத்தாலும் பயந்து பயந்து பொத்திவெச்சே பாழாக்குவே. சாகும்போதுகூட அந்த அம்மா உன்னைக் கேட்கலையே!"

வின்சென்ஸின் முகம் வெளுத்தது. சாலையோர ஓய்விடம் ஒன்றுக்குள் வண்டியைத் திருப்பி நிறுத்தினான். இறங்கி வந்து குவிரின் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

"நீ ஓட்டு."

"நிஜமாவா?"

"நல்லா யோசிச்சுக்கோ மாப்பிள்ளை. இன்னும் முந்நூறுகூட ஓடலை."

"யோசிக்கிற வேலையெல்லாம் உன்னோடது!"

குவிரின் வேகமாகப் போகிறவர்களுக்கான இடது ஓரத்துக்குப் பாய்ந்தான். மிதி தரையில் முட்டியது. இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டில் போய் இடித்துக்கொண்டு நின்றது. இருநூற்று நாற்பதில் பறந்தவன், வேண்டுமென்றே கியரைக் குறைத்தான், இன்ஜின் அலறியது. மறுபடி மிதித்தான், மறுபடி குறைத்தான். இவ்வளவு சந்தோஷமாக அவன் வண்டி ஓட்டி எத்தனையோ வருஷமாகிவிட்டது.

இருபது நிமிஷத்தில் கருகல் வாடை வந்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது. முன்பக்கத்திலிருந்து டக் டக்கென்று ஒரு சத்தம் கிளம்பி, நிற்காமல் தொடர்ந்தது.

குவிரின் ஓரங்கட்டினான். "ஐயையோ, என்ன மச்சான் இப்படிச் சத்தம் வருது? வாரண்டின்னு கேட்டுக்கிட்டு ஆலைப் பக்கம் போயிடாதே. விரட்டினதெல்லாம் வண்டியோட கம்ப்யூட்டர் பெட்டியில பதிவாகியிருக்கும். சல்லிக்காசு தர மாட்டாங்க."

"தெரியும்" என்றான் வின்சென்ஸ். அவன் கத்தவில்லை, சட்டையைப் பிடிக்கவும் இல்லை. அதுதான் குவிரினுக்கு உறுத்தியது.

"என்ன, வயிறு எரியலையா?"

"எரிஞ்சுது. எட்டு நாளா முட்டையைத் தூக்கிட்டுப் போற மாதிரி ஓட்டினேனே. ‘அண்ணா, அவர் ஆசைப்பட்டுக் கேட்டது, பார்த்து ஓட்டு'ன்னு என் தங்கச்சி கையைப் பிடிச்சுக் கெஞ்சினா. உன்கிட்ட மட்டும் சொல்லிடாதேன்னா."

குவிரினின் சிரிப்பு அப்படியே நின்றது. "யாரு... வால்புர்காவா? எதைச் சொல்லக் கூடாதுன்னா?"

வின்சென்ஸ் சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினான்.

"இது உன் வண்டி, மாப்பிள்ளை."