போகிற போக்கில் ஓர் அடியோஸ்

"அடியோஸ், டொன் எலாதியோ!"

காலையில் வாசற்படி இறங்கியதிலிருந்து இதே குரல்தான். ஒவ்வொரு குரலுக்கும் டொன் எலாதியோவின் நெஞ்சு அரை அங்குலம் விரிந்தது. சாயங்காலம் ஊர் முன்னேற்றச் சங்கத் தேர்தல். தலைவர் நாற்காலியை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்து அவருக்குப் பழக்கமில்லை.

கோஸ்டாரிகாவின் அந்த மலையூரில் 'டொன்' என்பது பெரியவர்களுக்குத் தரும் மரியாதை. அங்கே நடந்தபடியே வீசிவிட்டுப் போகிற வணக்கமும் 'அடியோஸ்'தான். விடைகொடுப்பதும் அதே 'அடியோஸ்'தான். இதில் யாரும் குழம்பியதில்லை.

இறைச்சிக்கடை ரிகோபெர்த்தோ எலும்பை வெட்டிக்கொண்டே தலையை மட்டும் ஆட்டுகிற ஆள். இன்று கத்தியைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டார். "அடியோஸ், டொன் எலாதியோ!" என்று இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பியூட்டி பார்லர் யோர்லெனி, தலையில் நுரையோடு இருந்த ஒருத்தியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். "அடியோஸ், டொன் எலாதியோ! உடம்பைப் பாத்துக்குங்க!"

"பாத்துக்காம? இன்னும் எத்தனை வருஷம் உங்களுக்காக உழைக்கணும்!"

யோர்லெனிக்கு ஏனோ இருமல் வந்தது.

எல்லாம் நேற்றைய பேச்சின் மகிமை. சங்கக் கூடத்தில் மேஜையை ஓங்கித் தட்டி, "நான் தோத்தா மறுநாளே இந்த ஊரை விட்டுப் போயிடுவேன், இது சத்தியம்!" என்று முழங்கியிருந்தார். கூட்டம் மூச்சு விடவில்லை. அதைப் பார்த்து உருகி, அவரே தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் பெயர் பொறித்த பஸ் நிழற்குடை வழக்கம்போல் ஒழுகிக்கொண்டிருந்தது. அதன் அடியில் குடை பிடித்து நின்றவர்களும் ஓடி வந்து, கட்டிப்பிடித்து, "அடியோஸ்!" என்றார்கள்.

வீட்டில் மனைவி ஒதீலியா காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஊரே நம்ம பக்கம், ஒதீலியா! ஒருத்தர் விடாம அடியோஸ் சொல்றாங்க."

"இதென்ன அதிசயம்? தினமும் போற போக்குல சொல்றதுதானே?"

"போற போக்குலயா? கடையைப் போட்டுட்டு ஓடி வந்து, நின்னு, கையைப் பிடிச்சு..."

நேற்றைய சத்தியம் சட்டென்று ஞாபகத்துக்கு வந்தது.

ஒதீலியா சிரிப்பை அடக்கிக்கொண்டு சர்க்கரை டப்பாவைத் தேடினாள். அது அவள் கையிலேயே இருந்தது.

அவர் காபிக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். அதில் தெரிந்த மூஞ்சிக்கு அவரே ஓட்டுப் போட்டிருக்க மாட்டார்.

"மேஜையை வேற அந்தத் தட்டு தட்டினேன்..." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கேட்டார்:

"நம்ம பெரிய பெட்டி எங்க இருக்கு?"