துண்டுக்குள் கை

பல்லைப் பிடித்துப் பார்க்காமல் எந்த மாட்டுக்கும் விலை சொல்லாத தரகர் மாரப்பன், கூட்டாளி செங்கோடன் கையில் சிவந்த படையைக் கண்டபோது மட்டும் யோசிக்காமல் சந்தை முழுக்கச் சொல்லிவிட்டார்: "ஒட்டுவாரொட்டிங்க. அவன் துண்டுக்குள்ள கைய விட்டுறாதீங்க." துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிற தொழிலில் ஒருவன் பிழைப்பு கெட அது போதாதா?

அது தோலில் வரும் அபூர்வப் புற்றுநோய், யாருக்கும் ஒட்டாது, இப்போது மூளைக்கு ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மாரப்பன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். செங்கோடனுக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. யாரோ வியாபாரி என்று கைமேல் துண்டைப் போட்டு நீட்டினார். மாரப்பன் தன் கையை உள்ளே நுழைத்தார்.

"தைரியசாலிதானுங்க நீங்க. ஒருத்தனும் தொடறதில்ல. எங்க மாரப்பன்தான் எனக்காக ஊரெல்லாம் பேசிட்டுத் திரியறான்." செங்கோடன் விரல்களை இறுக்கினார். "வெலைய அவன் வந்து சொல்லுவான். அதுவரைக்கும் கைய எடுத்துறாதீங்க."

மாரப்பன் கையை எடுக்கவில்லை.