முதல் தாள்

இதனால் சகல பிரிவு எழுத்தர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், தாள் கிழிக்கும் இயந்திரம் இன்று காலை பத்தரைக்கு மேல் நல்ல நேரத்தில் தன் திருவாயைத் திறக்கும்.

வாசித்தவர் கண்காணிப்பாளர் தெய்வசிகாமணி. கள்ளக்குறிச்சி மாவட்டமே புதுசு. மெஷின் அதைவிடப் புதுசு.

ஒரு தடவைக்கு எட்டுத் தாள்தான். குண்டூசி இருந்தால் பிடுங்கிவிட வேண்டும். துப்பட்டா, சடை, கழுத்து அடையாள அட்டை எதுவும் வாய்ப்பக்கம் தொங்கக் கூடாது. சொல்லிவிட்டு, மெஷினுக்குத் தான் போட்ட சாமந்தி மாலையைத் தானே கழற்றினார்.

அலுவலக உதவியாளர் பூமாலைக்கு எதுவும் காதில் ஏறவில்லை. பதிவறை எழுத்தர் பதவி உயர்வுப் பட்டியல் சாயங்காலம் போகிறது. கோப்பில் மெமோ இருந்தால் பெயர் போகாது.

மெமோ இருந்தது.

இடஒதுக்கீட்டு மறியலன்று பஸ் ஓடவில்லை. சைக்கிளை மட்டும் விட்டார்கள். வடக்கனந்தலிலிருந்து மிதித்து வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. தாமதமாக வந்தது யார் என்று மேலிடம் கேட்டது. தெய்வசிகாமணி மெமோ எழுதினார். அதன் அடியிலேயே பூமாலை எழுதிக் கொடுத்த விளக்கம் ஒரே வரி: சைக்கிளில் பாரம் ஜாஸ்தி.

என்ன பாரம் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது முதல் தாள் வேண்டும். பூமாலை ஒரு வெள்ளைத் தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு வைத்திருந்தார். புது நோட்டுக்குச் செய்கிற பழக்கம்.

அதைப் போட வந்த டைப்பிஸ்ட் செந்தமிழ்ச்செல்வி கையை இழுத்துக்கொண்டார். "இன்னாங்க சார், புள்ளையாரையா கிழிக்கச் சொல்றீங்க?"

யாரும் அசையவில்லை. நல்ல நேரம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

தெய்வசிகாமணி தொண்டையைச் செருமினார். அக்குளில் இருந்த கோப்பைத் திறந்து ஒரு தாளை உருவினார். குண்டூசியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். கழுத்து அட்டையை முதுகுப் பக்கம் தள்ளினார். விரல் படாமல் தாளின் மேல் நுனியைப் பிடித்து இறக்கினார்.

"ஊசி எடுத்தாச்சு. ஒரே தாள். எல்லாம் விதிப்படி இருக்குதா, பூமாலை?"

பூமாலை கீழே பார்த்தார். மெமோவின் அடியில் எழுதிய தன் கையெழுத்து இடியாப்பமாக விழுந்துகொண்டிருந்தது. இருக்கிறது என்று தலையாட்டினார்.

எல்லோரும் கைதட்டினார்கள்.

மறியலன்று வடக்கனந்தலில் சைக்கிள் கேரியரில் ஏறிய பாரம், அலுவலகத்துக்கு நூறடி முன்னால் இறங்கி, வேட்டியை உதறிக்கொண்டு, வருகைப் பதிவேட்டில், வெளியூர் வேலையாகப் போனதுபோல், 'முகாம்' என்று எழுதியது.

எடை எண்பத்தாறு கிலோ. பெயர் தெய்வசிகாமணி.